கூடுதல் சொல்லா, தவறிய கமாவா?

திருப்பதிக்கு அருகிலுள்ள ரேணிகுண்டா ரயில் சந்திப்பில் வந்து நிற்கும் பெட்டிகளில் அபாயச் சங்கிலியின் அருகே ஓர் ஆங்கில எச்சரிக்கையைப் பார்க்கலாம். 'ரீசனபிள் அண்ட் சஃபிஷியன்ட் காஸ்' இல்லாமல் சங்கிலியை இழுத்தால் தண்டனை என்கிறது அது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 141ஆம் பிரிவிலிருந்து வந்த சொற்கள் இவை. 1 ஆண்டு வரை சிறை, 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆங்கில நடையைத் திருத்திப் பழகிய கண்ணுக்கு இதில் ஒரு சொல் அதிகப்படியாகத் தோன்றும். நியாயமான காரணம் என்றால் முடிந்தது, போதுமான காரணம் என்று இன்னொன்று எதற்கு?

அடிக்கோடு போடுவதற்கு முன் ஒரு நிகழ்ச்சியை நினைத்துப் பார்க்கலாம். மும்பை செல்லும் வண்டி ரேணிகுண்டாவில் நிற்கிறது. தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கியவர் கூட்டத்தில் சிக்கிக்கொள்ள, வண்டி நகர்கிறது. உள்ளே இருக்கும் மனைவி சங்கிலியை இழுக்கிறார். காரணம் நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயிரம் பேர் போகும் வண்டியை நிறுத்த அது போதுமானதா? அதை நீதிபதிதான் சொல்ல வேண்டும். இறங்கி நின்றவர் கணவராக இல்லாமல் நான்கு வயதுக் குழந்தையாக இருந்தால் கேள்வியே எழாது, இரண்டு சொல்லும் நிறைவேறிவிடும். ஆக, கூடுதல் என்று நாம் நினைத்த சொல் ஒரு தனி நிபந்தனை.

ஆங்கிலம் எழுதக் கற்றுத்தரும் இடங்களில் இரண்டு பிழைகளை எப்போதும் ஜோடியாகவே சொல்வார்கள். தேவையற்ற சொல் ஒன்று, இடம் மாறிய கமா மற்றொன்று. இரண்டும் ஒரே அளவு குற்றம் என்பது போலவும், இரண்டையும் ஒரே சிவப்புப் பேனாவால் சரிசெய்துவிடலாம் என்பது போலவும் அந்தப் பாடம் நடக்கும். நடைமுறையில் முதல் பிழைக்குத்தான் அதிகக் கேலி. இரண்டாவது கண்டுகொள்ளாமல் போகிறது. இந்த வரிசை தலைகீழ் என்பது என் எண்ணம். ஆனால் அதை நிறுவ, சொல் பக்கத்து வழக்கையும் நேர்மையாகக் கேட்டாக வேண்டும்.

அந்த வழக்கு வலுவானது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஸ்ட்ரங்க் தம் மாணவர்களுக்காக 1918இல் அச்சிட்ட சிறு நூல், 1959இல் ஈ.பி. வைட் திருத்திய பிறகு உலகெங்கும் போனது. தேவையற்ற சொற்களை நீக்கு என்பது அதன் புகழ்பெற்ற கட்டளை. 1946இல் ஜார்ஜ் ஆர்வெல் அரசியல் மொழியைப் பற்றி எழுதிய கட்டுரையிலும் அதே அறிவுரை உண்டு. 1948இல் எர்னஸ்ட் கவர்ஸ் பிரிட்டிஷ் அரசு ஊழியர்களுக்காகவே ஒரு நூல் எழுதினார், அலுவலகக் கடிதம் படிக்கும் பொதுமக்கள் படும் பாட்டைக் குறைக்க. நம் ஊர் அலுவலகங்களுக்கு இந்த மூவருமே தேவை. 'மோஸ்ட் ஹம்ப்ளி அண்ட் ரெஸ்பெக்ட்ஃபுல்லி' என்று தொடங்கி 'என்க்ளோஸ்டு ஹியர்வித்' என்று முடியும் மனுவில், கேட்பவருக்கு என்ன வேண்டும் என்பது மூன்றாவது பத்தியில்தான் தெரிகிறது. 'ரிட்டர்ன் பேக்', 'ரிவர்ட் பேக்', 'ரிப்பீட் அகெய்ன்' ஆகியவற்றில் கடைசிச் சொல் எதையும் சேர்க்கவில்லை. எடுத்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் இந்த வேட்டை அளவு மீறும்போது தவறான ஆளைப் பிடிக்கிறது. 'ஏடிஎம் மெஷின்' என்பதில் மெஷின் இரண்டு முறை வருவது உண்மை, ஏடிஎம்மின் கடைசி எழுத்தே அதுதான். அதே உற்சாகத்தில் 'பிஎன்ஆர் நம்பர்' என்பதையும் சிலர் கேலி செய்கிறார்கள். பிஎன்ஆர் என்றால் பாசஞ்சர் நேம் ரெக்கார்டு. அதில் நம்பர் எங்கும் இல்லை. ரேணிகுண்டா முன்பதிவு ஜன்னலில் 'பிஎன்ஆர் நம்பர் சொல்லுங்க' என்று கேட்பவர் சரியாகத்தான் கேட்கிறார், திருத்துபவர்தான் தவறு.

ஸ்ட்ரங்கின் கட்டளையில் ஓர் ஓட்டை இருக்கிறது. தேவையற்றதை நீக்கு என்கிறது. எது தேவையற்றது என்று சொல்லவில்லை. ஏற்கெனவே நன்றாக எழுதத் தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும். நம் இலக்கண மரபு இந்த இடத்தில் இன்னும் நுட்பமாக நடந்திருக்கிறது என்று துணிந்து சொல்வேன். பவணந்தியின் நன்னூல் என்ற இலக்கணம் ஒரு நூலுக்குரிய பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது மிகைபடக் கூறலும் கூறியது கூறலும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் முதலில் வருவது குன்றக் கூறல். சுருக்கிச் சுருக்கிப் பொருளைத் தொலைப்பதும் குற்றம்தான். மேலும், ஒரே பொருளைத் தரும் இரண்டு சொற்கள் ஒரு சிறப்பைக் காட்ட அடுத்தடுத்து வருமானால் அதை நன்னூல் வழுவாகக் கொள்வதில்லை. கூறியது கூறல் குற்றம், ஒருபொருட்பன்மொழி குற்றமல்ல. இரண்டுக்கும் நடுவில் கோடு போடுவது சொல்லின் எண்ணிக்கை அல்ல, அது செய்யும் வேலை.

அந்த வேலையைக் கண்கூடாகப் பார்க்க ரயில் நிலையத்தை விட்டு விமான நிலையத்துக்குப் போக வேண்டும். திருப்பதி விமான நிலையம் என்று பெயர் இருந்தாலும் அது இருப்பது ரேணிகுண்டாவில். அங்கே கட்டுப்பாட்டு அறையும் விமானியும் பேசும் ஆங்கிலத்தில் பாதி, நடைத் திருத்தக்காரர் பார்வையில் வீண். ஓடுபாதை எண், உயரம், புறப்பட அனுமதி ஆகியவற்றைக் கட்டுப்பாட்டாளர் சொன்னதும் விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். 'சரி' என்று ஒரே சொல்லில் முடித்தால் போதாதா?

போதாது என்பதை 583 உயிர்கள் கொடுத்து உலகம் கற்றது. 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில் பனிமூட்டம். கேஎல்எம் விமானத்தின் துணை விமானி 'வீ ஆர் நவ் அட் டேக் ஆஃப்' என்றார். புறப்படும் இடத்தில் இருக்கிறோம் என்றும் கேட்கலாம், புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம் என்றும் கேட்கலாம். கட்டுப்பாட்டாளர் 'ஓகே' என்று தொடங்கி, காத்திருக்கச் சொன்னார். அந்த நேரத்தில் அதே ஓடுபாதையில் இருந்த பான் ஆம் விமானமும் பேசியதால் இரைச்சல் எழுந்து, காத்திருக்கச் சொன்னது சரியாகப் போய்ச் சேரவில்லை. ஓடிவந்த கேஎல்எம் விமானம் பான் ஆம் விமானத்தின்மீது மோதியது. அதன் பிறகு விதி இறுகியது. 'டேக் ஆஃப்' என்ற சொல் புறப்பட அனுமதி தரும்போதும் அந்த அனுமதியை ரத்து செய்யும்போதும் மட்டுமே வரலாம், மற்ற இடங்களில் வேறு சொல். முக்கியமான ஆணைகளைத் திருப்பிச் சொல்வது கட்டாயம். சுருக்கமான 'ஓகே' செய்த கேட்டைச் சரிசெய்தது, கூறியது கூறல்.

தகவல் கோட்பாட்டை 1948இல் வகுத்த கிளாட் ஷானன், எழுதப்படும் ஆங்கிலத்தில் சுமார் பாதி மிகை என்று மதிப்பிட்டார். பாதி எழுத்துகளை நாம் விருப்பப்படி தேர்ந்தெடுப்பதில்லை, மொழியின் கட்டமைப்பே தீர்மானித்துவிடுகிறது என்பது அதன் பொருள். இரைச்சலான பிளாட்பாரத்தில் அறிவிப்பின் பாதிச் சொற்களைத் தவறவிட்டும் வண்டி எண்ணைப் பிடித்துவிடுகிறோமே, அது இந்த மிகையின் தயவால்தான்.

பிளாட்பார அறிவிப்பு என்றதும் இன்னொரு வாசகம் நினைவுக்கு வரும். வண்டி தாமதமானால் தெலுங்கிலும் இந்தியிலும் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் 'இன்கன்வீனியன்ஸ் காஸ்டு இஸ் டீப்லி ரிக்ரெட்டட்' என்பார்கள். இந்தியா முழுவதும் ஒலிக்கும் வாசகம் இது. திருத்தக்காரர் 'காஸ்டு' வேண்டாம், 'டீப்லி' வேண்டாம் என்பார். எடுத்துவிடுங்கள். வாக்கியம் குறுகியது, ஆனால் அதன் நோய் அப்படியே இருக்கிறது. யாரால் தாமதம், யார் வருந்துகிறார்கள், இன்னும் எவ்வளவு நேரம் என்ற மூன்றில் ஒன்றுக்கும் பதில் இல்லை. திருப்பதியில் தரிசன நேரம் குறித்த டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரேணிகுண்டாவில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு வேண்டியது சுருக்கம் அல்ல. இந்த வாசகத்தின் குற்றம் குன்றக் கூறல். 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்பதும் இதே வகை. அதில் கூடுதல் சொல் ஒன்றும் இல்லை. எதைச் செய்ய வேண்டும் என்ற சொல்தான் இல்லை.

சொல் பக்கத்தை இவ்வளவு பார்த்தது போதும். கமாவுக்கு வருவோம். இங்கேதான் நம் மொழி பேசுபவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. அதை எந்த ஆங்கிலப் பாடநூலும் நமக்கு முறையாகச் சொல்லித் தந்ததில்லை.

'ஆன்லைனில் பதிவு செய்த பயணிகள் வரிசையில் நிற்க வேண்டாம்' என்று தமிழில் எழுதுகிறோம். பயணிகளில் ஆன்லைனில் பதிவு செய்தவர்கள் மட்டுமா, அல்லது எல்லாப் பயணிகளும் அப்படிப் பதிவு செய்தவர்கள்தாமா? வாக்கியம் சொல்லாது, சூழலே சொல்லும். பெயருக்கு முன்னால் பெயரெச்சம் வந்து உட்கார்ந்துவிடுவதால் கமா போட அங்கே இடமே இல்லை. தெலுங்கிலும் இதே அமைப்பு. ரேணிகுண்டா, புத்தூர், நகரி வட்டாரத்தில் இரண்டு மொழிகளையும் மாறி மாறிப் பேசி வளரும் பிள்ளைக்கு, இரண்டில் எதுவுமே இந்த வேறுபாட்டைக் குறியால் காட்டுவதில்லை.

ஆங்கிலம் காட்டுகிறது. 'பாசஞ்சர்ஸ் ஹூ ஹேவ் புக்டு ஆன்லைன் நீட் நாட் ஸ்டாண்ட் இன் தி க்யூ' என்றால் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் விலக்கு. 'பாசஞ்சர்ஸ்' என்பதற்குப் பின் ஒரு கமாவும் 'ஆன்லைன்' என்பதற்குப் பின் ஒரு கமாவும் போட்டால் பயணிகள் அனைவருமே பதிவு செய்தவர்கள், யாருமே நிற்க வேண்டாம். சொற்கள் ஒன்றுகூட மாறவில்லை. யாருக்கு விலக்கு என்பது மாறிவிட்டது. பணியாளர் விதி, கல்லூரி விடுதிச் சுற்றறிக்கை, வாடகை ஒப்பந்தம், காப்பீட்டு நிபந்தனை என்று ஒருவரைச் சேர்க்கவோ விலக்கவோ எழுதப்படும் எந்த ஆங்கில வாக்கியத்திலும் இந்த இரண்டு கமாக்கள் ஆட்களின் எண்ணிக்கையை மாற்றுகின்றன. 'ரிவர்ட் பேக்' யாரையும் எங்கிருந்தும் வெளியேற்றியதில்லை.

நம் பள்ளிகளில் தலைமுறைகளாகப் பயன்படும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம் இந்த வேறுபாட்டை அறியாத நூல் அல்ல. ரிலேட்டிவ் புரோனவுன் பகுதியில் அதைச் சொல்கிறது. ஆனால் நிறுத்தக்குறிகளுக்கு வரும்போது கமா என்பது மிகச் சிறிய இடைநிறுத்தம் என்ற வரையறையோடு தொடங்குகிறது. மாணவர் மனத்தில் தங்குவது இந்த வரையறைதான். மூச்சு விடும் இடத்தில் கமா. தமிழிலும் காற்புள்ளியை வாசிக்கும்போது நிறுத்தும் இடம் என்றே கற்றிருக்கிறோம், நீண்ட எழுவாய்க்குப் பின் போடுவதும் நமக்கு வழக்கம். 'பயணச்சீட்டு இன்றிப் பயணம் செய்பவர்கள், அபராதம் செலுத்த நேரிடும்' என்பதில் எந்தத் தமிழாசிரியரும் குறை காணமாட்டார். அதே பழக்கம் ஆங்கிலத்துக்குப் போய், எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே கமா விழுகிறது.

அந்தக் கமாவை நான் கடுமையாகத் தண்டிக்க மாட்டேன். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அப்படித்தான் எழுதினார்கள். துப்பாக்கி உரிமை பற்றி 1791இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்தில், மக்களின் உரிமை என்ற நீண்ட எழுவாய்க்கும் அது மீறப்படக் கூடாது என்ற வினைக்கும் இடையே ஒரு கமா நிற்கிறது. நம் குமாஸ்தா போடும் அதே கமா. ஆனால் காலம் கடந்தபோது மூச்சுக்கமாவும் ஆபத்தானது. அதே வாக்கியத்தின் இன்னொரு கமாவை 2007இல் வாஷிங்டனின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இலக்கணக் குறியாகப் படித்து, திருத்தத்தை இரண்டு கூறுகளாகப் பிரிக்கத் தன் காரணங்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. மூச்சுக்காகப் போட்டதை இரண்டு நூற்றாண்டு கழித்து நீதிபதிகள் பொருளுக்காகப் படித்தார்கள்.

இந்திய நீதிமன்றங்கள் கமாவை எப்படி நடத்துகின்றன? 1952இல் அஸ்வினி குமார் கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி பி.கே. முகர்ஜியா, சட்டத்துக்குப் பொருள் காண்பதில் நிறுத்தக்குறி சிறு கூறுதான் என்றார். கமாவைப் பெரிதுபடுத்தாதே என்பவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் அதே நீதிமன்றம் 1979இல் முகமது ஷபீர் வழக்கில் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவைப் படித்தபோது, மற்ற செயல்களுக்குப் பின் கமா இருக்கிறது, 'ஸ்டாக்ஸ்' என்ற சொல்லுக்குப் பின் கமா இல்லை என்பதைக் கவனித்தது. அதனால் 'விற்பனைக்கு' என்ற நிபந்தனை இருப்பு வைத்தலோடும் சேர்கிறது. மருந்தை வெறுமனே வைத்திருப்பது அந்தப் பிரிவின்படி குற்றமல்ல. 1996இல் சாமா அலனா அப்துல்லா வழக்கில் அலுவல் இரகசியச் சட்டம் வந்தது. 'பாஸ்வேர்டு' என்ற சொல்லுக்குப் பின் இருந்த கமாவைக் காட்டி, 'இரகசிய' என்ற அடைமொழி அதற்கு முன் உள்ளவற்றுக்கு மட்டுமே உரியது, பின்னால் வரும் வரைபடம், திட்டம் முதலியவற்றுக்கு அல்ல என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

இவற்றைச் சேர்த்துப் படித்தால் முரண்பாடு இல்லை. சொற்கள் தெளிவாக இருக்கும்போது கமா சிறு கூறு. சொற்கள் இரண்டு பக்கமும் சாயும்போது கமாவே சாட்சி. இரண்டு பக்கமும் சாயும் வாக்கியங்கள் நம் அலுவலகங்களில் ஏராளம்.

இரண்டு பிழைகளும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட வழக்கு ஒன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்தது. ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் வண்டி ஓட்டுநர்கள் கூடுதல் நேர ஊதியம் கேட்டார்கள். உணவுப் பொருளைப் பதப்படுத்துதல், உலர்த்துதல், சேமித்தல் என்று சில வேலைகளுக்கு அந்த ஊதியம் இல்லை என்கிறது மாநிலச் சட்டம். பட்டியலின் முடிவில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று இருந்தது, 'ஆர்' என்பதற்கு முன் கமா இல்லாமல். அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ பொட்டலம் கட்டுவது என்ற ஒரே வேலையா, அல்லது பொட்டலம் கட்டுவது, விநியோகிப்பது என்ற இரண்டு வேலைகளா? ஓட்டுநர்கள் விநியோகிப்பவர்கள், பொட்டலம் கட்டுபவர்கள் அல்ல.

நிறுவனம் கூடுதல் சொல் வாதத்தை எடுத்தது. 'ஷிப்மென்ட்', 'டிஸ்ட்ரிபியூஷன்' இரண்டும் ஏறக்குறைய ஒரே பொருள். இரண்டையும் பொட்டலம் கட்டுதலோடு சேர்த்தால் ஒன்று வீணாகும். சட்டமன்றம் வீண் சொல் எழுதாது. ஆகவே 'டிஸ்ட்ரிபியூஷன்' தனி வேலை. ஓட்டுநர்களோ, கமா இல்லாததைச் சுட்டினார்கள். மற்ற வேலைகளெல்லாம் 'இங்' என்று முடியும்போது 'டிஸ்ட்ரிபியூஷன்' மட்டும் 'ஷிப்மென்ட்' போலப் பெயர்ச்சொல்லாக இருப்பதையும் காட்டினார்கள். 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாக்கியம் இருபொருள் தருகிறது என்று கண்டு, ஐயத்தின் பலனைத் தொழிலாளர்களுக்குத் தந்தது. 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

கூடுதல் சொல் பற்றிய வாதம் அங்கே தோற்றது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு சொல் மிகையா இல்லையா என்பது அகராதியை விரித்தும் தீராத விவாதமாக இருந்தது. கமா ஒன்று இருந்திருந்தால் விவாதமே இருந்திருக்காது.

ஆகவே என் தீர்ப்பு இது. மிகைச் சொல், பெரும்பாலும் படிப்பவரின் நேரத்தை எடுத்துக்கொள்ளும் குற்றம். சில இடங்களில் அது குற்றமே அல்ல, விமான நிலையத்தில் அது கடமை. அது உண்மையிலேயே ஆபத்தாவது சட்டத்திலும் ஒப்பந்தத்திலும்தான். எந்தச் சொல்லும் வீணல்ல என்ற அனுமானத்தோடு நீதிமன்றம் படிப்பதால், அழகுக்குச் சேர்த்த சொல்லுக்கும் அங்கே ஒரு பொருள் முளைத்துவிடும். இடம் தவறிய கமாவோ, ஒருவரைச் சேர்க்கும் அல்லது விலக்கும் வாக்கியத்தில் வந்தால் எந்த இடத்திலும் பொருளையே மாற்றும். அதுவே பெரிய குற்றம். அதிலும் ரிலேட்டிவ் கிளாஸைச் சுற்றி வரும் ஜோடிக் கமா முதலிடம், பட்டியலின் கடைசிக் கமா இரண்டாமிடம், எழுவாய்க்குப் பின் விழும் மூச்சுக்கமா கடைசி இடம்.

கற்பிக்கும் வரிசையும் இதற்கேற்ப மாற வேண்டும். கமாவை இடைநிறுத்தம் என்று தொடங்காமல், நம் பெயரெச்சத்திலிருந்து தொடங்கலாம். 'பதிவு செய்த பயணிகள்' என்ற தொடரைக் கரும்பலகையில் எழுதி, சிலரா எல்லோருமா என்று கேட்கட்டும். பிள்ளைகள் இரண்டு பதிலும் சொல்வார்கள். அப்போது இரண்டு ஆங்கில வாக்கியங்களையும் கமாவோடும் கமா இல்லாமலும் எழுதிக் காட்டினால், தமிழ், தெலுங்கு இரண்டும் சூழலுக்கு விட்டுவிடும் வேலையை ஆங்கிலம் குறிக்கு ஒப்படைத்திருப்பது ஒரே பாடவேளையில் விளங்கிவிடும். 'ரிட்டர்ன் பேக்' அடுத்த வாரம் வரை காத்திருக்கலாம்.

விதி எழுதுபவர்களுக்கு மெய்ன் சட்டமன்றம் தீர்ப்புக்குப் பின் செய்ததைக் காட்டினால் போதும். பட்டியலில் இருந்த கமாக்களை எடுத்துவிட்டு ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் அரைப்புள்ளி வைத்தார்கள். 'டிஸ்ட்ரிபியூஷன்' என்பதை மற்ற வேலைகளைப் போலவே 'டிஸ்ட்ரிபியூட்டிங்' என்று மாற்றினார்கள். ஒரு சொல்லையும் நீக்கவில்லை.